கச்சாங் கூடா

என் இரத்தம் மிதக்கும் என்பது அந்த வெள்ளிக்கிழமை வரை எனக்குத் தெரியாது.

நாங்கள் போகும் கிளினிக்கில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. மாசமாக இருக்கும் பெண்களை வரிசையாக உட்காரவைத்து, மிஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் ஒவ்வொருவர் விரலிலும் ஊசியால் குத்துவார். வந்த இரத்தத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, மேசைமேல் இருக்கும் நீலநிற மருந்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார். உடம்பில் இரத்தம் போதிய அளவு இருந்தால் சொட்டு நேராக அடிக்குப் போய்விடும். குறைவாக இருந்தால் மேலேயே நிற்கும். எனக்கு முன்னால் இருந்த அத்தனை பேருடைய சொட்டும் ஒழுங்காகப் போய் அடியில் உட்கார்ந்தது. என்னுடையது மட்டும் ரசத்தில் விட்ட எண்ணெய் மாதிரி மேலே நின்றது.

"டாரா குராங்," என்றார் மிஸி. இரத்தம் கம்மி. அவர் மலாய்க்காரர், வட்ட முகம், சிரிக்காமல் பேசினால்கூடச் சிரிப்பது போலவே இருக்கும். அதனால் அவர் அடுத்துச் சொன்னதை நான் முதலில் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன். ஒரு பொட்டலம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். கீரை தின்னு, ஈரல் தின்னு, கச்சாங் கூடா நிறையத் தின்னு என்றார். அடுத்த மாதமும் சொட்டு மிதந்தால் இங்கே பிள்ளை பெற முடியாது, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன், நாள் நெருங்குவதற்கு முன்பே அங்கே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

அதற்குமேல் எதுவும் என் காதில் விழவில்லை. என் அம்மா அப்படி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். என் தம்பி பிறந்தான், அம்மா திரும்பி வரவில்லை. யார்மேலும் குற்றமில்லை, இரத்தம் இல்லாத உடம்பு, அவ்வளவுதான் என்று அப்பா சொல்லுவார். ரவாங் ஊரில் இருந்த எங்கள் வீட்டில் நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் அந்த வாக்கியத்தோடுதான் வளர்ந்தோம். ஆகவே எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சொட்டு மூழ்க வேண்டும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மலேசியாவில் கோலசிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் நடுவில் இருந்த ஒரு தோட்டத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டினார், செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போவார், வருவார். இன்னொருவர் என் மாமியார். ரப்பர் பால்மரம் வெட்டிய கை, நிமிர்ந்த முதுகு, கறாரான வாய். எனக்கும் வாய் உண்டு. ரவாங்கில் பள்ளிக்கூடத்தில் மனையியல் படித்தவள், பாடப்புத்தகத்தைத் துணிப்பெட்டியில் கையோடு கொண்டுவந்தவள். ஒரே அடுப்படியில் இரண்டு வாய் இருந்தால் என்ன ஆகுமோ அது கல்யாணமான மறுவாரமே ஆகிவிட்டது. நான் உப்பைப் பிறகு போடுவேன், அவர் முன்னால் போடுவார். எங்கள் வீட்டில் உப்புக்கே ஒரு வழக்கு நடந்தது.

ஆனால் கிளினிக்கிலிருந்து வந்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். வந்து படுத்தேன். எழுந்தால் வீட்டு வேலை, பிறகு மறுபடி படுக்கை. மாத்திரையை விழுங்கினால் அது போன வழியே திரும்பி வந்தது. இரண்டு மூன்று தடவை அப்படி ஆனதும் விட்டுவிட்டேன். மாமியார் வேண்டுமென்றே உப்பை முன்னால் போட்டார், பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். கீரையைப் பொடிப்பொடியாக அரிந்து அப்புறம் கழுவினார், அதற்கும் சும்மா இருந்தேன். பாடப்புத்தகப்படி அது பெரிய பாவம்.

கடைசியில் அவரே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மிஸி என்னதான் சொல்லுச்சு?"

"கச்சாங் கூடா திங்கச் சொல்லுச்சு அத்தை."

"கூடான்னா கூடாதுலா. மிஸியே வேணாங்குது, நீ ஏன் அதையே நெனச்சிகிட்டுப் படுத்திருக்க?"

எனக்குச் சுருக்கென்றது. "மலாய்ல கச்சாங்னா பயறு, கூடான்னா குதிரை. இது தெரியாதா உங்களுக்கு?"

"சரி, குதிரை. குதிரைக்கு என்னா கச்சாங்?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். எனக்கு விடை தெரியும். குதிரை தின்பது எது? கொள்ளு. என் மனையியல் புத்தகத்தில் பயறு வகைகளின் படம் போட்டு, கொள்ளுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஹார்ஸ் கிராம் என்றே எழுதியிருந்தது. இரும்புச்சத்து மிகுந்தது, ஆனால் மக்கள் அதிகம் சமைப்பதில்லை என்றும் இருந்தது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒரே குதிரையைக் காட்டும்போது இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"கொள்ளு," என்றேன்.

மாமியார் ஏதோ சொல்ல வந்து, வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. நீ எந்தக் கணக்குல சேத்தி? வேப்பங்குச்சி மாதிரி இருந்துகிட்டுக் கொள்ளு வேணுமாம். அதெல்லாம் சூடு. மாசமா இருக்கறவளுக்குக் கொள்ளு ஆக்கிப் போட்டேன்னு தெரிஞ்சா இந்த லயமே என் மூஞ்சியில துப்பும்."

"மிஸி சொன்னதைத்தான் நான் கேப்பேன்."

"எங்க, தின்னு பாப்போம்."

அவ்வளவுதான். நான் பாயைச் சுருட்டி வைத்தேன். அன்று சாயங்காலம் லோரி வந்து நின்றதும் ஓடிப்போய் என் வீட்டுக்காரரிடம் கொள்ளு வேண்டும் என்றேன். முகம் கழுவக்கூட விடவில்லை.

கொள்ளு அப்போது எளிதில் கிடைக்கிற சாமான் இல்லை. பாசாரில் பச்சைப்பயறு இருக்கும், உளுந்து இருக்கும், பருப்பு மூட்டை மூட்டையாக இருக்கும். கொள்ளைக் கேட்டால் சிரிப்பார்கள். கோலசிலாங்கூர் கடைத்தெருவில் ஒரு பாய் கடை இருந்தது. புறா வளர்க்கிறவர்களுக்காக அவர் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் அங்கே போய்க் கேட்டதை அவரே வீட்டில் நடித்துக் காட்டினார்.

"எத்தனை புறா வச்சிருக்கீங்க தம்பி?"

"புறா இல்ல பாய்."

"அப்ப குதிரையா? எங்க கட்டியிருக்கீங்க?"

"அடுப்படியிலதான் பாய். கட்டியெல்லாம் வைக்கல, கட்டவும் முடியாது."

பாய் ஒன்றும் புரியாமல் நிறுத்துக் கொடுத்தாராம். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் வாசலிலேயே ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுத்தான் வருவார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டன.

முதல் நாள் சமையல் மாமியார் கையில். கல் பொறுக்கிப் பானையில் போட்டு, அடுப்பை மூட்டி, ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைத் தூவினார். சோடா போட்டால் சீக்கிரம் வெந்துவிடும். கொதித்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினார். புதுத் தண்ணீர் விட்டு மறுபடி கொதிக்கவைத்து, அதையும் ஊற்றினார். செக்கச்செவேலென்று ஓடுகிற தண்ணீரைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை.

"சத்தெல்லாம் சாக்கடையில போகுது அத்தை. வைட்டமின் பி தண்ணியில கரையும். சோடா போட்டா இருக்கறதும் செத்துப்போகும்."

"அந்தத் தண்ணியில வாயு இருக்கு. நாளைக்கு வயித்தைப் புடிச்சிகிட்டு நீதான் உருளுவ."

"சாக்கடை எலிக்குப் பிரசவம் நல்லா நடக்கும், பாத்துக்கிட்டே இருங்க."

என் வீட்டுக்காரர் அவசர வேலை இருப்பதுபோல லோரியைக் கழுவப் போய்விட்டார். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே அப்பாவியாக நின்ற மனிதர் அவர். வடித்த கொள்ளும் அவருக்குத்தான், வடிக்காத கொள்ளும் அவருக்குத்தான். இரண்டையும் சாப்பிட்டுவிட்டு இரண்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் நான் என் பிரஷர் குக்கரை இறக்கினேன். ரவாங்கிலிருந்து கல்யாணச் சீராக வந்தது, அதுவரை பரண்மேல் இருந்தது. மாமியார் அதைக் குண்டு என்றுதான் சொல்லுவார். சோடா வேண்டாம், குக்கரில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டாலே வெந்துவிடும், வெந்த தண்ணீரை ரசம் வைக்கலாம் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அது முதல் விசில் அடித்தது. மாமியார் கையில் கரண்டியோடு வெளியே ஓடி, எதிர்லயத்துக் குழாயடியில் போய் நின்றார். ஒவ்வொரு விசிலுக்கும் அங்கிருந்தே எனக்கு ஒரு வசவு வந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வயிற்றுக்குள் பிள்ளையும் உதைத்தது, அதுவும் சிரித்திருக்கும்.

ஆனால் ரசத்தை அவர் ருசித்துப் பார்த்துவிட்டார். பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு, இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்தது. முகத்தை ஒன்றும் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். அப்புறம் தன் நிபந்தனையைச் சொன்னார்.

"தண்ணிய ஊத்த வேணாம், சரி. ஆனா ஊறப்போட்ட தண்ணிய ஊத்தியே ஆவணும். ஊறினதை அப்படியே வேக வைக்கக் கூடாது, முளை கட்டணும். முளை விட்டா சூடு அடங்கும். இதுக்கு ஒத்துக்கிட்டா கொள்ளு. இல்லாட்டி பானைய ஒடச்சிடுவேன்."

ஒத்துக்கொண்டேன். ராத்திரி ஊறவைத்து, காலையில் தண்ணீரைக் கொட்டி, பழைய வேட்டித் துணியில் முடிந்து ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவோம். போகும்போதும் வரும்போதும் ஈரம் தெளிப்போம். மறுநாள் துணியை அவிழ்த்தால் ஒவ்வொரு கொள்ளும் வெள்ளை மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்ப்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு போட்டி இருந்தது. நான் எழுவதற்கு முன்னால் அவர் அவிழ்த்துப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முடிந்து வைத்திருப்பார். முடிச்சைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், அவர் முடிச்சு இடப்பக்கம் விழும்.

அத்தோடு விடவில்லை. சாப்பிட்ட கையோடு எனக்குத் தேத்தண்ணி வேண்டும், டின் பால் ஊற்றி, தொண்டை வழியாகச் சூடாக இறங்க வேண்டும். அதற்கும் தடை போட்டார். கொள்ளு வயிற்றில் இருக்கும்போது தேத்தண்ணி ஊற்றினால் சூட்டோடு சூடு சேர்ந்து பிள்ளை வெந்துபோகும் என்றார். தேயிலை டப்பாவை எங்கே ஒளித்தாரோ தெரியாது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், இதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. மத்தியானம் போய் நிழல் சாயும்போதுதான் ஒரு கோப்பை கிடைக்கும். அந்தக் கோப்பையை நான் பார்த்த பார்வையில் என் வீட்டுக்காரரை ஒரு நாளும் பார்த்ததில்லை என்று அவரே குறைப்பட்டுக்கொண்டார்.

மாத்திரையையும் மாமியார் மறக்கவில்லை. கொள்ளு ரசத்தை ஒரு கையிலும் மாத்திரையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு எதிரில் நிற்பார். நான் ரசத்துக்கு வாயைத் திறப்பேன், மாத்திரைக்கு மூடுவேன்.

"கொள்ளுன்னா வாயைத் தொறக்குமாம், கடிவாளம்னா வாயை மூடுமாம். அந்தக் குதிரை நீதான்," என்பார். "கடிவாளமும் இரும்புதான், இதுவும் இரும்புதான். முழுங்கு."

சிரித்துவிடுவேன். சிரித்த வாயில் மாத்திரை போய்விடும். வயிறு நிறைந்திருந்ததாலோ, புளிப்பு இருந்ததாலோ, இப்போது அது திரும்பி வரவில்லை.

பின்னாளில் நான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். எங்கள் அடுப்படி வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. பயறுகளில் இருக்கும் இரும்பையும் துத்தநாகத்தையும் ஓர் அமிலம் பிடித்துவைத்திருக்கிறது, உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. ஊறவைத்தால் அந்தப் பிடி கொஞ்சம் தளரும், முளை கட்டினால் இன்னும் தளரும், கூடவே வைட்டமின் சியும் பிறக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டலாம், மாமியார் ஜெயித்தார். வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதில் இறங்கிய சத்துகளும் போகும், நான் ஜெயித்தேன். சோடா வைட்டமின் பியைக் கெடுக்கும், அதிலும் நான்தான். எலுமிச்சை இரும்பை உடம்பில் சேர்க்கும், என் கட்சி. தேத்தண்ணி அதைச் சேரவிடாது, அவர் கட்சி. சூடு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் சொன்ன காரணங்கள் சரி, அவர் சொன்ன காரணங்கள் தப்பு. ஆனால் செய்தது இரண்டு பேரும் பாதிப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். முழுசாகச் சமம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

நடுவில் எனக்கு ஒரு பேராசை வந்ததையும் சொல்ல வேண்டும். வாரச் சந்தையில் தெம்பே விற்கும் ஜாவாக்காரம்மா ஒருவர் வருவார். சோயாவை வேகவைத்து வாழையிலையில் பொதிந்து நொதிக்க வைத்து, கட்டி கட்டியாக விற்பார். சோயாவில் செய்தால் அத்தனை சத்து என்றால் கொள்ளில் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அவரிடம் செய்முறை கேட்டேன். எல்லாம் சொன்னார், நானும் எல்லாம் செய்தேன், அதற்கென்று போட வேண்டிய ராகி என்ற நொதிப்பூஞ்சையை மட்டும் மறந்துவிட்டேன். பொட்டலத்தைப் பிரித்த அன்று எங்கள் லயத்தில் யாரும் வீட்டுக்குள் இருக்கவில்லை. வேலை வாங்கும் மண்டோர்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் அதை எடுத்துப்போய் வாழை மரத்தடியில் புதைத்தார். அந்த வாழை அந்த வருஷம் போட்ட தாரைப் பற்றி மட்டும் ரொம்ப நாள் பேசினார்.

இப்படியே மாதம் ஓடியது. கொள்ளுச் சுண்டல், கொள்ளுத் துவையல், கொள்ளு ரசம், முளை கட்டி வேகவைத்துத் தேங்காய்ப்பூ போட்டது. எதைச் செய்தாலும் ஒரு சண்டை. தாளிப்பில் சண்டை, விசில் எண்ணிக்கையில் சண்டை. நான் பகலில் படுக்கவே இல்லை என்பதை ஒரு நாள் அந்தப் பகல் பாயை உதறும்போதுதான் கவனித்தேன், மடிப்பில் தூசி படிந்திருந்தது.

கிளினிக் நாள் வந்தது. முளை கட்டிய கொள்ளைச் சுண்டலாக்கி, தேங்காய்ப்பூ தூவி, ஒரு சம்படத்தில் போட்டு மிஸிக்காக எடுத்துக்கொண்டேன். அவர் சொல்லித்தானே எல்லாம் என்ற நன்றி. மாமியார் வாசல் வரை வந்தார். சம்படத்தைப் பார்த்ததும் அவர் வாய்க்குள் சிரித்த மாதிரி இருந்தது. பஸ் வந்துவிட்டதால் நான் கேட்கவில்லை.

வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருந்தவர்களிடம் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன், ஆனால் கண் அந்த நீலத் தண்ணீரிலேயே இருந்தது. அம்மாவை நினைத்துக்கொண்டேன். மிஸி என் விரலைப் பிடித்துக் குத்தினார். சொட்டு விழுந்தது. விழுந்து மேலேயே நின்றது. பிறகு அது மெதுவாகத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, கீழே இறங்க ஆரம்பித்தது. இறங்கி இறங்கி, அடியில் போய் உட்கார்ந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த நாற்காலியில் இருந்த சீனப் பெண் என் தோளைத் தட்டினார். மிஸி இந்த முறை நிஜமாகவே சிரித்து, இங்கேயே பெற்றுக்கொள்ளலாம் என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்படத்தைத் திறந்து அவர்முன் நீட்டினேன்.

"இனி அப்பா?" என்றார் மலாயில். இது என்ன?

"கச்சாங் கூடா," என்றேன் பெருமையாக.

அவர் ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே இருந்த இன்னொரு மிஸியைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மேசைமேல் இருந்த நீலத் தண்ணீரே ஆடியது. கச்சாங் கூடா என்றால் இது இல்லை, உருண்டையாக, வெளுப்பாக, பெரிதாக இருக்குமே, தலைச்சுமையாகக் கொண்டுவந்து காகிதச் சுருளில் விற்பார்களே, உங்கள் ஆட்கள்தானே விற்கிறார்கள் என்று கையால் வடிவம் காட்டினார்.

கொண்டைக்கடலை. ரவாங் வீட்டில் ஜாமான் டின்னில் எப்போதும் கிடந்த கொண்டைக்கடலை. தமிழ்க் கடையில் தமிழிலேயே கேட்டு வாங்கியதால் அதற்கு மலாயில் என்ன பெயர் என்று எனக்கு அதுவரை தெரிய வேண்டிய அவசியமே வரவில்லை.

மிஸி சுண்டலை விடவில்லை. சாப்பிட்டுக்கொண்டே எப்படிச் செய்தாய் என்று கேட்டார். என் உடைந்த மலாயில் ஊறவைத்தது, முளை கட்டியது, எலுமிச்சை, மாத்திரை, தேத்தண்ணித் தடை எல்லாவற்றையும் சொன்னேன். தேத்தண்ணியை நிறுத்தியது ரொம்ப நல்லது, மாத்திரையை விடாமல் எடுத்ததும் நல்லது, கொள்ளும் நல்லதுதான் என்றார். எது எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் என்னைக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்தார். வீட்டுக்குள் போனதும் சொன்னேன்.

"அத்தை, முங்கிடுச்சு."

அவர் அடுப்பைப் பார்த்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். கொஞ்ச நேரம் அந்தக் கை கீழே இறங்கவில்லை.

"ஆனா ஒண்ணு அத்தை. கச்சாங் கூடான்னா கொள்ளு இல்லியாம். கொண்டைக்கடலையாம்."

"தெரியும்."

"தெரியுமா? எப்ப தெரியும்?"

"எப்பவுமே தெரியும்லா. மலாய்க்காரிங்களோட சேந்து எத்தனை வருஷம் மரம் வெட்டியிருக்கேன்."

எனக்குக் கோபம் பிய்த்துக்கொண்டு வந்தது. "பின்ன ஏன் சொல்லல? கொள்ளு சூடு, சூடுன்னு பயந்தீங்களே, அதுவும் பொய்யா?"

"அது பொய்யில்ல. பயந்துதான் முளை கட்டச் சொன்னேன்." அடுப்பிலிருந்து பானையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார். "நீ கிளினிக்லேருந்து வந்து படுத்த. எதைக் குடுத்தாலும் சரி சரின்னு வாங்கி வச்ச, திங்கல. உப்பை முன்னால போட்டேன், வாயத் தொறக்கல. கீரையை அரிஞ்சிட்டுக் கழுவுனேன், அதுக்கும் தொறக்கல. உங்கம்மா கதை எனக்குத் தெரியும். கொள்ளுன்னு நீ சொன்னப்பதான் எந்திரிச்சு உக்காந்த, சண்டைக்கு. கடலைன்னு நான் சொல்லியிருந்தா அதுக்கும் சரின்னு சொல்லிட்டு மறுபடி படுத்திருப்ப."

நான் கையிலிருந்த சம்படத்தைக் கீழே வைத்தேன்.

"சண்டை போடுற புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு இருந்தேன்," என்றார். "அதான் விடாம போட்டேன்."

அம்மா போன பிறகு எனக்காக ஒருவர் இப்படி மெனக்கெட்டது அதுதான் முதல் தடவை. அவர் காலைத் தொடலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியாமல் நின்றேன். அவரோ தட்டை எடுத்துப் பானையிலிருந்து ஒரு கரண்டி போட்டு என் முன்னால் வைத்தார். ஆவி பறக்கும் கொண்டைக்கடலை.

"இந்தா, மிஸி சொன்னது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். கடிக்கவே வேண்டியிருக்கவில்லை, மாவாகக் கரைந்தது. அவரைப் பார்த்தேன்.

"சோடா போட்டீங்களா அத்தை?"

"போட்டேன்லா. இப்ப என்னாங்கிற?"

வாசலில் லோரி வந்து நின்றது, கனைப்புச் சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்ததால் அவர் உள்ளே வராமல் அப்படியே லோரியைக் கழுவப் போய்விட்டார். என் மகள் அந்தச் சின்ன ஊர் கிளினிக்கிலேயே பிறந்தாள். வலி எடுத்தபோதும் நாங்கள் உப்பைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.